செய்கூலி திரும்பி வராது: மஸில் காரும் மறுவிற்பனை விலையும்

(கடந்த காலாண்டில் நமது கிளப் ஹவுஸில் நடந்த ஞாயிறு மாலைச் சந்திப்பில் பி பிளாக் குடியிருப்பாளர் ஒருவர் ஆற்றிய உரை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வாகன உதிரிபாகத் துறையில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்றுத் திரும்பியவர். அன்று வர இயலாதவர்கள் கேட்டதால் எழுத்து வடிவில் தருகிறோம்.)



செயலாளர் சார் என்னைப் பேசச் சொன்னபோது, லிஃப்ட் பராமரிப்பு, ஜெனரேட்டர் என்று ஏதாவது பேசுவேன் என்று நினைத்திருப்பார். கார் பற்றிப் பேசுகிறேன், அதுவும் அமெரிக்காவின் மஸில் கார் பற்றி என்றதும் கொஞ்சம் தயங்கினார். "அதைக் கேட்டு நம்ம ஆட்களுக்கு என்ன ஆகப்போகுது?" என்று அவர் வாய் கேட்கவில்லை, முகம் கேட்டது. காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இரண்டு மாதத்துக்கு முன் காலை வாக்கிங்கில் ஏ பிளாக் நண்பர் என்னை நிறுத்தினார். அவர் மகன் டல்லாஸில் இருக்கிறான். 2018 மாடல் மஸ்டாங் ஜி.டி. ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறான். முதல் உரிமையாளர் அதில் சூப்பர்சார்ஜர் போட்டிருக்கிறார், எக்ஸாஸ்ட் மாற்றியிருக்கிறார், காரைத் தாழ்த்தியிருக்கிறார். இவ்வளவு செலவு செய்தும், கை வைக்காத அதே மாடலைவிட நாலாயிரம் டாலர் குறைத்துச் சொல்கிறார். கையிலிருப்பது போக மீதிப் பணத்துக்கு மகன் அப்பாவைக் கேட்டிருக்கிறான். "சார், டெபாசிட்டை உடைத்து அனுப்பலாமா? இது அதிர்ஷ்டமா, வலையா?" என்று கேட்டார்.

நின்ற இடத்தில் பதில் சொல்ல முடியவில்லை. இங்கே எத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள், கொஞ்சம் கை தூக்குங்கள்... பார்த்தீர்களா, பாதிக்கு மேல். ஆகவே இது நம் குடும்பத்துப் பேச்சுதான்.

மஸில் கார் என்றால்

அளவான உடம்பு, அதற்குள் பெரிய எட்டு சிலிண்டர் எஞ்சின், சம்பளக்காரருக்கு எட்டுகிற விலை. இதுதான் மஸில் கார். 1964இல் வந்த பாண்டியாக் ஜி.டி.ஓ. இந்த வகையைத் தொடங்கிவைத்தது என்பார்கள். அதே ஆண்டு ஏப்ரலில் நியூயார்க் உலகக் கண்காட்சியில் ஃபோர்டு மஸ்டாங் அறிமுகமானது. பத்து ஆண்டுகளுக்குள் இன்சூரன்ஸ் கட்டணம், புகைக் கட்டுப்பாடு, 1973 எண்ணெய் நெருக்கடி மூன்றும் சேர்ந்து அந்த ஆட்டத்தை முடித்துவிட்டன.

2005 மாடல் மஸ்டாங் பழைய முகச்சாயலோடு வந்ததும் இரண்டாம் சுற்று தொடங்கியது. 2008இல் டாட்ஜ் சேலஞ்சர், அடுத்த ஆண்டு ஷெவர்லே கமாரோ இரண்டும் திரும்பி வந்தன. 2015 மாடல் சேலஞ்சர் ஹெல்கேட்டில் 707 குதிரைத்திறன். நம் பார்க்கிங்கில் நிற்கும் சின்னக் கார்கள் பலவற்றில் எண்பது, தொண்ணூறுதான் இருக்கும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். 2023 டிசம்பரில் சேலஞ்சர், கமாரோ இரண்டின் உற்பத்தியும் நின்றது. மஸ்டாங் இன்னும் வந்துகொண்டிருக்கிறது. நான் பேசப்போவது இந்த இரண்டாம் சுற்றுக் கார்களைப் பற்றி.

என் பதினோராயிரம் டாலர்

அடுத்தவர் பிள்ளைக்குப் புத்தி சொல்லும் முன் என் கதையைச் சொல்ல வேண்டும். 2012இல் நானும் ஒரு மஸ்டாங் ஜி.டி. வாங்கினேன். 5 லிட்டர் எஞ்சின், 412 குதிரைத்திறன், கையால் கியர் மாற்றும் வண்டி. என் மகன் அப்போது பள்ளியின் கடைசி வகுப்புகளில் இருந்தான். மிச்சிகன் குளிர்காலத்தில் சாலையெல்லாம் உப்பு போடுவார்கள். அந்த உப்பு வண்டியின் அடிப்பாகத்தைத் தின்றுவிடும். அதனால் இப்படிப்பட்ட கார்களை நவம்பரில் கராஜில் ஏற்றினால் ஏப்ரலில்தான் இறக்குவோம். அந்த மாதங்களில் சும்மா இருக்க முடியுமா? அப்பாவும் பிள்ளையும் ஸ்பேனர் எடுத்துவிட்டோம்.

முதலில் எக்ஸாஸ்ட். அப்புறம் ஸ்பிரிங், பெரிய சக்கரங்கள், கிளட்ச். கடைசியில் சூப்பர்சார்ஜர். அதை மட்டும் ஒரு பட்டறையில் கொடுத்துப் போட்டோம். நான்கு ஆண்டுகளில் மொத்தம் பதினோராயிரம் டாலர். கழற்றிய பழைய எக்ஸாஸ்ட்டை இடத்தை அடைக்கிறது என்று குப்பை வண்டிக்குப் போட்டோம். இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

2016இல் விற்கப் போனேன். ரசீதுகளை எல்லாம் வரிசையாக ஃபைலில் அடுக்கிக் கொண்டுபோனேன். ஒவ்வொரு ரசீதையும் புரட்டப் புரட்ட வாங்க வந்தவர் முகம் மலரும் என்று எதிர்பார்த்தேன், சுருங்கியது. எதிர்வீட்டுக்காரரும் அதே கோடையில் அதே ஆண்டு மாடல் மஸ்டாங்கை விற்றார். ஓடிய மைல் கிட்டத்தட்ட சமம். அவர் எண்ணெய் மாற்றியதைத் தவிர எதையும் தொட்டதில்லை. என்னைவிட மூவாயிரம் டாலர் கூடுதலாக வாங்கினார். பதினோராயிரம் போட்டு மூவாயிரம் குறைத்துக்கொண்டேன். வீட்டில் என்ன கேட்டார்கள் என்பதை இந்த மேடையில் சொல்ல முடியாது.

நகைக் கடைக் கணக்கு

நம் வீட்டுப் பெண்களுக்கு இது ஒரு நொடியில் புரியும். நகை வாங்கும்போது தங்கத்துக்கு ஒரு விலை, செய்கூலி, சேதாரம், கல்லுக்குத் தனி விலை. விற்கப் போகும்போது? கல்லைக் கழித்து எடை போடுவார்கள். செய்கூலியும் சேதாரமும் போனது போனதுதான். எவ்வளவு நுணுக்கமான வேலையாக இருந்தாலும் கடைக்காரர் உருக்கப்போகும் பொருளாகத்தான் பார்ப்பார். அதுவும் ஹால்மார்க் இல்லாவிட்டால் உரசிப் பார்த்துத்தான் விலை சொல்வார்.

காரில் கம்பெனி கொடுத்த நிலை என்பது தங்கம். அதன் மேல் நாம் செய்வது செய்கூலி. கம்பெனி நிலையில் இருக்கும் காரைப் பற்றி ஊருக்கே தெரியும்: எவ்வளவு சக்தி, எது எப்போது தேயும், என்ன செலவாகும் என்று. மாற்றிய காரில் அந்த எண்கள் எதுவும் செல்லாது. வாங்குபவருக்குத் தெரியாத ஒவ்வொரு விஷயத்துக்கும் அவர் கொஞ்சம் விலையைக் கழிக்கிறார். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான்: மறுவிற்பனை விலையை நிர்ணயிப்பது வாங்குபவர் மனத்திலிருக்கும் சந்தேகத்தின் அளவு.

இதில் இன்னொரு கணக்கும் உண்டு. மாற்றிய காருக்கு மேலே ஒரு கூரை இருக்கிறது. சாதாரண மஸ்டாங் ஜி.டி.யில் பணம் போட்டு 650 குதிரைத்திறன் ஏற்றுகிறீர்கள். ஆனால் 2013 மாடல் ஷெல்பி ஜி.டி.500 கம்பெனியிலிருந்தே 662 குதிரைத்திறனோடு வந்தது. பிரேக், கியர்பாக்ஸ், குளிரூட்டல் எல்லாம் அந்தச் சக்திக்கென்றே கணக்கிட்டது. பழைய ஜி.டி.500 சந்தையில் என்ன விலைக்குக் கிடைக்கிறதோ அந்த விலையைத் தாண்டி உங்கள் கார் ஏறாது. ஹெல்கேட் வந்தபோது விலை 60,000 டாலரை ஒட்டி இருந்தது. 707 குதிரைத்திறன், கம்பெனி உத்தரவாதத்தோடு. அது பழைய கார் சந்தைக்கு இறங்கி வர வர, பட்டறையில் சக்தி ஏற்றிய கார்களின் கூரையும் தாழ்ந்துகொண்டே வந்தது.

கை வைக்காத காருக்குள்ளும் ஏற்றத்தாழ்வு

அப்படியானால் எதையும் தொடாத எல்லா மஸில் காரும் சேமிப்புப் பத்திரமா? கிடையவே கிடையாது. ஆறு சிலிண்டர், நான்கு சிலிண்டர் எஞ்சின் போட்ட மஸ்டாங்கும் கமாரோவும் மற்ற கார்களைப் போலத்தான் ஆண்டுக்கு ஆண்டு விலை இறங்கும். சாதாரண வி8 கார்களும் இறங்கும், கொஞ்சம் மெதுவாக.

விலை நிற்பது, சில சமயம் ஏறுவது, மூன்று விஷயம் சேரும்போதுதான். ஒன்று, குறைந்த எண்ணிக்கை. 2018 டாட்ஜ் டீமன் மொத்தம் 3,300தான் செய்தார்கள். இரண்டு, இனி வராது என்ற நிலை. மஸ்டாங் ஷெல்பி ஜி.டி.350 என்று ஒரு மாடல் 2020 வரை வந்தது. 5.2 லிட்டர் எஞ்சின், நிமிடத்துக்கு 8,250 சுற்று வரை போகும். அந்த எஞ்சின் சத்தம் வேறு எந்த மஸ்டாங்கிலும் கிடையாது. மூன்று, கையால் மாற்றும் கியர். புது ஷோரூமில் ஆட்டோமேட்டிக் கேட்பவர்கள்தான் அதிகம், ஆனால் இந்த வகையைப் பழையதாகத் தேடி வருபவர்கள் பலருக்கு மூன்றாவது பெடல் வேண்டும். ஜி.டி.350 கைக்கியரில் மட்டுமே வந்தது, அதுவும் அதற்கு ஒரு பலம்.

இதற்கடுத்து காகிதம். அமெரிக்காவில் ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எந்த எஞ்சின், என்னென்ன கூடுதல் வசதி, என்ன விலை என்று எல்லாம் அதில் அச்சாகியிருக்கும். 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி அது கட்டாயம். சட்டம் கொண்டுவந்த செனட்டர் மன்ரோனியின் பெயரிலேயே அதை மன்ரோனி ஸ்டிக்கர் என்பார்கள். அந்தத் தாளை மடித்துப் பத்திரமாக வைத்திருப்பவர் விற்கும்போது பேரம் பேச உட்காரும் நாற்காலியே வேறு. சர்வீஸ் ரசீதுகளும் அப்படியே.

அப்புறம் டைட்டில், அதாவது உரிமைப் பத்திரம். பெரிய விபத்திலோ வெள்ளத்திலோ சிக்கி இன்சூரன்ஸ் கம்பெனி கைகழுவிய வண்டி என்றால் அந்தப் பத்திரத்தில் 'சால்வேஜ்' என்று முத்திரை விழும். சரிசெய்து ஓடவிட்டாலும் 'ரீபில்ட்' என்ற முத்திரை நிற்கும். நம் ஊரில் வில்லங்கச் சான்றிதழில் ஒரு வரி இருந்தால் மனையின் விலை என்ன ஆகுமோ அதுதான் நடக்கும். இந்தக் கார்களில் திருட்டும் ஒரு சாபம். 2020 முதல் 2022 வரையான மாடல்களில் சார்ஜர் ஹெல்கேட் சராசரிக் காரைவிட 60 மடங்குக்கு மேல் திருடுபோகிறது என்று அமெரிக்க இன்சூரன்ஸ் துறையின் ஆய்வு நிறுவனமே கணக்குச் சொன்னது. திருடுபோய்த் திரும்பி வந்த காருக்கும் வரலாறு உண்டு, கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மாற்றத்திலும் மூன்று ரகம்

முதல் ரகம், திரும்பி வரக்கூடியது. சக்கரம், ஸ்பிரிங், எக்ஸாஸ்ட்டின் பின்பகுதி. கழற்றிய அசல் பாகங்கள் பெட்டியில் பத்திரமாக இருந்தால் இதனால் பெரிய நஷ்டம் இல்லை. விற்கும் முன் பழையதை மாட்டிவிட்டு, புதியதைத் தனியாக விற்றால் கூடுதலாகவே கிடைக்கும். அதனால்தான் அந்தக் குப்பை வண்டியைச் சொன்னேன். நான் தூக்கிப் போட்ட எக்ஸாஸ்ட் என் காரை அசல் நிலைக்குத் திருப்பும் வழியை அடைத்துவிட்டது.

இரண்டாம் ரகம், எஞ்சினைத் தொடுவது. சூப்பர்சார்ஜர் என்பது காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் தள்ளும் கருவி. காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும், தீப்பொறி விழும் நேரமும் மாற வேண்டும். இதைச் சொல்லிக்கொடுப்பது எஞ்சின் கணினியில் எழுதும் டியூன். நண்பர் மகன் பார்த்த 2018 மஸ்டாங்கின் அழுத்த விகிதம் 12க்கு 1. ஏற்கெனவே இறுக்கமான எஞ்சின். அதில் மேலும் அழுத்திக் காற்றை ஏற்றும்போது டியூன் கொஞ்சம் பிசகினால் பிஸ்டன் தாங்காது. இது வெளியில் நின்று பார்த்தால் தெரியாது. யார் எழுதினார்கள், எந்தப் பெட்ரோலுக்கு எழுதினார்கள் என்பது தெரியாத டியூன், கையெழுத்தில்லாத மருந்துச் சீட்டு மாதிரி.

உத்தரவாதம் பற்றி ஒரு வார்த்தை. வெளிப் பாகம் போட்டதற்காக மட்டுமே கம்பெனி உத்தரவாதத்தை மறுக்க முடியாது, கோளாறுக்கு அந்தப் பாகம்தான் காரணம் என்று காட்ட வேண்டும். 1975ஆம் ஆண்டுச் சட்டம் அது. ஆனால் எஞ்சின் உடைந்தால் சூப்பர்சார்ஜரைக் காரணம் காட்டுவது கம்பெனிக்குப் பெரிய சிரமமா என்ன? கணினியின் டியூனை மாற்றிவிட்டுப் பழையதை மறுபடி ஏற்றி வைத்தாலும், கைவைத்த தடயத்தைக் கண்டுபிடிக்க அவர்களிடம் வழி இருக்கிறது.

மூன்றாம் ரகம், திரும்பி வராதது. உடம்பை அறுப்பது, கூண்டு பற்றவைப்பது, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைப் பிடுங்கிப் போடுவது. கடைசியாகச் சொன்னது அமெரிக்கக் கூட்டரசின் சட்டப்படியே குற்றம். மாநிலத்துக்கு மாநிலம் சோதனைதான் வேறுபடும். மிச்சிகனில் புகைச் சோதனை கிடையாது. டல்லாஸ் போன்ற டெக்சஸின் பெரிய கவுண்ட்டிகளில் உண்டு. கலிஃபோர்னியாவில் புகையளவைப் பாதிக்கக்கூடிய வெளிப் பாகங்களுக்கு அந்த மாநிலக் காற்று வாரியத்தின் அனுமதி எண் வேண்டும். 2021 ஜூலையிலிருந்து எஞ்சின் கணினியின் மென்பொருள் மாறியிருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகள் இன்று டல்லாஸ், நாளை வேலை மாறி சான் ஹோசே. அங்கே பதிவு செய்ய முடியாத கார் கையில் இருந்தால் விற்றுவிட்டுத்தான் போக வேண்டும், அவசரத்தில் விற்பவனுக்கு என்ன விலை கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக வாங்குபவர் வாய்விட்டுக் கேட்காத ஒரு கேள்வி இருக்கிறது. இவ்வளவு சக்தி ஏற்றியவர் இதை எப்படி ஓட்டியிருப்பார்? கோயிலுக்குப் போய்வரவா சூப்பர்சார்ஜர் போட்டார்? கிளட்ச், கியர்பாக்ஸ், பின் அச்சு எல்லாம் என்ன பாடுபட்டிருக்கும்? மாட்டுச் சந்தையில் சுழி பார்ப்பது போல இங்கே அவர்கள் பின் டயரைப் பார்ப்பார்கள்.

விதிவிலக்குகள் சொல்லும் பாடம்

மாற்றிய காருக்கு அதிக விலையே கிடைக்காதா? கிடைக்கும். 1960களின் இறுதியில் பென்சில்வேனியாவில் யென்கோ என்ற டீலர் கமாரோவில் பெரிய எஞ்சினோடு விற்ற கார்களுக்கு இன்று சாதாரணக் கமாரோவைவிடப் பல மடங்கு விலை. இன்றும் லாஸ் வேகஸின் ஷெல்பி அமெரிக்கன், மிச்சிகனின் ரௌஷ் போன்ற நிறுவனங்கள் மாற்றிய கார்களுக்குத் தனி மதிப்பு உண்டு. ஷெல்பி தன் கார்களுக்குத் தனி வரிசை எண் போட்டுப் பதிவேட்டில் எழுதி வைக்கிறது. மாற்றம் ஒன்றுதான், ஆனால் யார் செய்தது, எத்தனை செய்தது என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது. அதாவது ஹால்மார்க்.

டீமன் காரோடு டாட்ஜ் ஒரு பெட்டி கொடுத்தது, விலை 1 டாலர். அதில் பந்தயத்துக்கான ஒல்லியான முன் சக்கரங்கள், வேறொரு எஞ்சின் கணினி, அதற்குரிய கருவிகள் எல்லாம் இருந்தன. மாற்றவும் கம்பெனியே பாகம் கொடுத்தது, திரும்ப அசலாக்கவும் வழி விட்டது. இன்று டீமன் விற்பவரிடம் அந்தப் பெட்டி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

உச்சமான உதாரணம் 'புல்லிட்' படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய 1968 மஸ்டாங். படப்பிடிப்புக்காக அதில் ஓட்டை போட்டார்கள், பற்றவைத்தார்கள். பிறகு ஒரு குடும்பம் 1974இல் அதை 6,000 டாலருக்கு வாங்கி வீட்டுக் காராக ஓட்டியது. தனக்கே திருப்பித் தரும்படி மெக்வீன் எழுதிய கடிதத்தையும் அவர்கள் பத்திரமாக வைத்திருந்தார்கள். பெயிண்ட் மங்கி, துருவோடு இருந்த அந்தக் காரைப் புதுப்பிக்காமல் அப்படியே 2020 ஜனவரியில் ஃப்ளோரிடாவில் ஏலம் விட்டார்கள். கட்டணத்தோடு சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலர். பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தால் சந்தேகம் வந்திருக்கும். ஒவ்வொரு ஓட்டையும் படத்தில் வந்த கார் இதுதான் என்று சாட்சி சொன்னது.

டல்லாஸ் பையனுக்கு

நண்பர் மகனிடம் வீடியோ காலில் பேசினேன். "அங்கிள், நாலாயிரம் மிச்சம்தானே?" என்றான். நான்கு கேள்வி கொடுத்தேன், உங்கள் பிள்ளைகளுக்கும் அதையே அனுப்புங்கள்.

கழற்றிய அசல் பாகங்கள் இருக்கின்றனவா? சூப்பர்சார்ஜரைப் போட்டதும் டியூன் எழுதியதும் யார், ரசீது எங்கே? டைட்டில் சுத்தமா? உனக்கு வேண்டிய மெக்கானிக்கிடம் கொண்டுபோய் எட்டு சிலிண்டரிலும் அழுத்தச் சோதனை செய்ய விற்பவர் சம்மதிப்பாரா?

நான்குக்கும் ஆமாம் என்றால் அந்த விலை நல்ல விலை. வேறொருவர் கொடுத்த செய்கூலியை நீ கொடுக்காமல் அனுபவிக்கலாம். மாற்றிய கார் விற்பவனுக்குத்தான் நஷ்டம், தெரிந்து வாங்குபவனுக்கு லாபமாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு இல்லை என்றாலும் அந்த நாலாயிரம் உன்னுடையது அல்ல, எஞ்சினுக்காக எடுத்துவைக்க வேண்டிய பணம்.

போன வாரம் பதில் வந்தது. அசல் பாகங்கள் இருந்தன, ரசீதும் இருந்தது, டைட்டிலும் சுத்தம். அழுத்தச் சோதனை என்றதும் விற்பவர் போனை எடுப்பதை நிறுத்திவிட்டாராம். பையனுக்கு என் மேல் கொஞ்சம் வருத்தம். அப்பாவின் டெபாசிட் வங்கியில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. என் மகனுக்கு இப்போது முப்பது வயது தாண்டிவிட்டது. அந்த மஸ்டாங் பற்றிப் பேச்சு வந்தால், "அப்பா, நீங்க பண்ணதிலேயே உருப்படியான செலவு அதுதான்" என்பான். நான்கு குளிர்காலம், கராஜில் ஹீட்டர் பக்கத்தில், பள்ளியில் நடந்ததை எல்லாம் காருக்கு அடியில் படுத்துக்கொண்டேதான் சொல்வான். முகம் பார்த்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான். அந்தக் கணக்கை எந்த டீலரும் போடமாட்டார். ஆகவே பிள்ளைகள் ஆசைப்பட்டால் மாற்றட்டும். திரும்பி வராத பணம் என்று தெரிந்து செலவழிக்கட்டும். கழற்றிய பாகத்தை மட்டும் குப்பையில் போட வேண்டாம்.



கேள்வி நேரத்திலிருந்து

*ஓட்டாமல் போர்த்தி வைத்தால் விலை ஏறுமா? (டி பிளாக்கிலிருந்து ஒரு அம்மா)*

அரிய மாடலானால் மைல் குறையக் குறைய விலை கூடும், அம்மா. 1987 ப்யூக் ஜி.என்.எக்ஸ். 547தான் செய்தார்கள், பலர் அதை வாங்கிய அன்றே போர்த்தி வைத்தார்கள். ஆனால் சாதாரண மஸ்டாங்கை அப்படி வைத்தால் டயர் காயும், பேட்டரி போகும், இன்சூரன்ஸ் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பட்டுப்புடவையை மடிப்பிலேயே கிழிய விடுவது மாதிரிதான்.

*மாற்றத்துக்குச் செலவழித்த பணம் இன்சூரன்ஸில் வருமா? (பி பிளாக்)*

சாதாரண பாலிசியில் அந்த மாடலின் சந்தை விலையைத்தான் பார்ப்பார்கள். மாற்றங்களை முன்கூட்டியே அறிவித்து, மதிப்பை எழுத்தில் ஒப்புக்கொள்ளும் பாலிசி தனியாக உண்டு, கட்டணமும் தனி. சொல்லாமல் மறைப்பதுதான் ஆபத்து. விபத்துக்குப் பிறகு முதலில் வெளிவருவது அதுதான்.

*நம் ஊரில் மாற்றினால்? என் பையன் ஜீப்புக்குப் பெரிய டயர் கேட்கிறான். (சி பிளாக்)*

இங்கே விலைக்கு முன் சட்டம் வருகிறது. கம்பெனி கொடுத்த அசல் விவரத்திலிருந்து ஆர்.சி. புத்தகத்தில் உள்ளது மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு சொல்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் வைத்தார்கள், சிறைத்தண்டனைக்கும் இடம் இருக்கிறது. மஸ்டாங் ஜி.டி. 2016இல் இந்தியாவுக்கு டெல்லி ஷோரூம் விலை 65 லட்சம் ரூபாயில் வந்தது. அதை வைத்திருப்பவருக்கும் உங்கள் பையனுக்கும் இந்த விதி ஒன்றுதான். கம்பெனியே அந்த மாடலுக்கு அனுமதித்த டயர் அளவு என்ன என்று பாருங்கள், அதற்குள் ஆசையை முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பழைய டயரையும் சக்கரத்தையும் ஸ்டோர் ரூமில் வையுங்கள். பொது நடைபாதையில் வேண்டாம், செயலாளர் சார் என்னைப் பார்க்கிறார்.